கண்ணில்லாத வண்டும் ஆறு வீட்டுக் கிணறும்

அந்தக் காம்பவுண்டில் அவளுக்குப் பெயர் வண்டு டீச்சர். கணவருக்கு மோட்டார்காரர். ஆறு வீடுகள், நடுவில் ஒரு கிணறு, கிணற்றுக்குள் ஒரு மோட்டார். அது நின்றால் ஆறு வீட்டுக்காரர்களும் அவரைத் தேடுவார்கள். டீச்சரை யாரும் எதற்கும் தேடியதில்லை. எப்போதாவது சுவரில் கரப்பான் ஊர்ந்தால் மட்டும், "டீச்சர், உங்க ஆளு ஒருத்தர் இங்க வந்திருக்காரு" என்று பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா குரல் கொடுப்பாள். கரப்பான் வண்டு இல்லை என்று சொல்லிச் சொல்லி டீச்சருக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தினாள். ஆனால் மனசு முழுக்க நீர்வண்டுதான். படிக்கிற காலத்தில் கொசுப் புழு சேகரிக்கக் குளத்துக்குப் போனவள், வலையில் சேர்ந்து வந்த வண்டு ஒன்றைத் தூக்கி எறிய மனமில்லாமல் பாட்டிலில் கொண்டுவந்தாள். அது பின்பக்கத்தைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, சிறகுக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழியை வாங்கிக்கொண்டு மறுபடி முங்கியது. மூச்சை முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு போகிற ஒன்றை அன்றுதான் பார்த்தாள். பாட்டிலை வைத்துக்கொண்டு சாப்பாட்டை மறந்தவள், அதற்கப்புறம் அந்தப் பழக்கத்தை விடவேயில்லை.

கல்யாணமாகி வந்தபோது கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சாப்பாட்டு மேஜையில் ஒரு ஓரம் அவளுக்கு, மீதி வீட்டுக்கு. அந்த ஓரத்தில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் மைக்ராஸ்கோப் உட்கார்ந்தது. குளிர்பெட்டியில் வெண்ணெய்க்கு அருகே சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரிசை கட்டின. எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சிக்காரர்கள் பார்சலில் வண்டு அனுப்புவார்கள். இது இன்ன இனம், இது இன்னது என்று பிரித்துத் திருப்பி அனுப்புவாள். புதிதாக ஏதாவது இருந்தால் அவர்கள் பெயர் வைப்பார்கள், கட்டுரையின் கடைசி வரியில் இவளுக்கு நன்றி சொல்வார்கள். தானே ஒன்றுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டு. ஆனால் யாரிடமும் சொன்னதில்லை.

கிணற்றுத் தண்ணீரில் மணல் வருகிறது என்று ஒரு மழைக்காலத்தில் மோட்டார்காரர் குழாய்களுக்கெல்லாம் துணி கட்டினார். துணியென்றால் சாதாரணத் துணியில்லை; அச்சகத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் பயன்படுத்துகிற நைலான். மாவுகூட அதைத் தாண்டிப் போகாது. காலையில் பால் அடுப்பில் இருக்கும்போது அந்தத் துணியைக் கழற்றி உதறுவது டீச்சரின் வேலை. உதறும் முன் ஒரு பார்வை பார்ப்பாள். ஒருநாள் மணலோடு வெளுத்த வண்டு ஒன்று கிடந்தது. எள்ளில் பாதிகூட இருக்காது.

கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளியே வந்த வண்டு அப்படித்தான் வெளுத்து, மெத்தென்று இருக்கும். நிறமேறச் சில நாள் ஆகும். வண்டுக்காரர்கள் அதை எடுத்து வைக்கமாட்டார்கள். காய்ந்தால் சுருங்கி, என்ன இனமென்றே சொல்ல முடியாதபடி ஆகிவிடும். "இளசு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு துணியைக் கழுவுதொட்டியில் தட்டினாள். சில நாள் கழித்து இன்னொன்று. அதையும் தட்டினாள். அந்த மழைக்காலம் முழுக்க எத்தனை போயிற்றோ. வண்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தி என்றால் இது என்னவென்று நின்று பார்த்திருப்பாள். இவளுக்குத் தெரியும், அதனால் பார்க்கவில்லை.

மைக்ராஸ்கோப்பின் லென்ஸைத் துடைத்து மாட்டிய ஒரு காலையில், தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க எதையாவது வைக்க வேண்டியிருந்தது. துணியில் கிடந்த வெளுத்ததை எடுத்து வைத்தாள். தலைப்பக்கம் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"அம்மா, பால் பொங்குது" என்றாள் மகள். கணக்கியல் கடைசி வருஷம் படிக்கிறவள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து வந்து அடுப்பை அணைக்கிற பழக்கம் அவளுக்கும் கிடையாது.

"இதுக்குக் கண் இல்லடி."

"எதுக்கு?"

"வண்டுக்கு."

"பாலுக்கும்தான் இல்ல. எவ்வளவு அழகா வழியறது பாரு."

இளவண்டுக்கு உடம்பு வெளுத்திருந்தாலும் கண் கருப்பாகத்தான் இருக்கும். கூட்டுக்குள் இருக்கும்போதே கண் கறுத்துவிடும். இதற்கோ கண் இருக்க வேண்டிய இடத்தில் தையல் போட்டது போல மெல்லிய கோடு ஒன்றுதான் இருந்தது. உணர்கொம்பும் உடம்பில் தொட்டறிகிற மயிர்களும் தேவைக்கு மேல் நீண்டிருந்தன. முதுகின்மேல் இருக்கிற கெட்டி ஓட்டைத் தூக்கினால் பறக்கிற சிறகு இல்லை. அது இருந்ததற்கு அடையாளமாக ஒரு துண்டு மட்டும். வெளிச்சத்தையே பார்க்காத, பறக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று. பூமிக்கு அடியில், பாறை விரிசலில் நிற்கிற தண்ணீரில் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்து, மோட்டார் இழுத்த இழுப்பில் சமையலறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

டீச்சர் எழுந்து போய்க் கழுவுதொட்டியின் ஓட்டைக்குள் குனிந்து பார்த்தாள்.

"அதுக்குள்ள கையை விட்டே, பைப்பைக் கழட்டறது நான்தான்" என்றார் கணவர், பத்திரிகையிலிருந்து தலை தூக்காமல். கொஞ்ச நேரத்தில் கழற்றவும் கழற்றினார். ஒரு சட்டைப் பொத்தான், முடிச்சுருள், மகள் தொலைத்ததாகச் சாதித்த கம்மல் எல்லாம் கிடைத்தன. வண்டு இல்லை.

அதன்பின் துணியைக் கோவில் பிரசாதம் போலப் பிரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சேர்ந்தன. படம் எடுத்து, வேறொரு கண்டத்தில் இருந்த ஒரு நிபுணருக்கு அனுப்பினாள். அவரை நேரில் பார்த்ததில்லை. பல வருஷமாக மின்னஞ்சலில் பழக்கம். அவர் உடனே பதில் போட்டார். விசித்திரமாக இருக்கிறது, சந்தோஷம். ஆனால் இருட்டில் வாழ்கிறதெல்லாம் வெளுத்து, கண் போய், ஒரே ஜாடையாக ஆகிவிடும். இது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. உன்னிடம் இருப்பது மூன்றும் பெண். ஆண் வேண்டும்.

கணவருக்கு அதை விளக்க வேண்டியிருந்தது. நீர்வண்டில் ஆணின் வயிற்றுக்குள் கொக்கி மாதிரி ஓர் உறுப்பு மடங்கி இருக்கும். இனத்துக்கு இனம் அதன் வளைவு மாறும். வெளியே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிற வண்டுகளைக்கூட அதை எடுத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம். யாருக்கு யார் சொந்தம் என்பதும் அதில்தான் தெரியும்.

"சாவி மாதிரின்னு சொல்லு."

"ஆமா, அப்படித்தான் வச்சுக்கங்க."

"அப்போ மூணு பூட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. கழுவுதொட்டியில தட்டினதுல எத்தனை சாவி போச்சோ." அப்புறம் மகள் பக்கம் திரும்பினார். "பாரும்மா, உனக்கு மாப்பிள்ளை தேடற வயசுல உங்க அம்மா வண்டுக்குத் தேடறா."

"தேடட்டும்பா. அதுவரைக்கும் என்னை விட்டுவைப்பாங்கல்ல."

இந்த வேடிக்கையை மகள் தையல்கார அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள். அக்கா வேடிக்கையை விட்டுவிட்டுச் செய்தியைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள், குழாயில் பூச்சி வருகிறது, டீச்சருக்கு முதலிலேயே தெரியும் என்று ஆறு வீட்டுக்கும் போய்விட்டது.

கிணற்றடியில் நாற்காலிகள் போட்டார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செக்ரட்டரிதான் காம்பவுண்டு விவகாரங்களைப் பார்ப்பவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நேராவே கேட்டுடறேன் டீச்சர். இந்தத் தண்ணியில பூச்சி இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். ஆனா நோய் பரப்பற பூச்சி இல்ல. பூமிக்கு அடியில வாழற ஒரு நீர்வண்டு."

"எவ்வளவு நாளா இருக்கு?"

"நாம வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே. லட்சக்கணக்கான வருஷமாக்கூட இருக்கலாம்."

"ஐயோ, அவ்வளவு நாளாவா இதைக் குடிச்சுட்டிருக்கோம்!" என்றாள் தையல்கார அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததால் கொஞ்சம் தைரியம் வந்து டீச்சர் தொடர்ந்தாள். "அது பிழைச்சிருக்குன்னா, தண்ணி உசிரோட இருக்குன்னு அர்த்தம் சார்."

"எனக்குத் தண்ணி உசிரோட வேண்டாம் டீச்சர். தண்ணியா இருந்தா போதும். என் வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிணற்றை இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போடுவதென்று முடிவாயிற்று. யார் போடுவது என்று கேள்வியே எழவில்லை. எல்லோரும் மோட்டார்காரரைப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் அவள் தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"நீங்களா போடப் போறீங்க?"

"நான் மாட்டேன்னா வேற ஆள் வருவான். மூட்டையை அப்படியே கவுத்துட்டுப் போவான். நான் அளந்து போடுவேன்."

"அளந்து போட்டா மட்டும்?"

அவர் கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, "பவுடர் போடறதுக்கு முன்னாடி தண்ணி முழுக்க இறைக்கணும். அத்தனை தண்ணியையும் உன் துணி வழியா விட்டா? ஒரு மாப்பிள்ளைகூடவா சிக்காம போயிடுவான்?" என்றார்.

அவளுக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "குழாய் வாய்க்கு எவ்வளவு அகலத்துல பை தைக்கணும்?" என்று கேட்டாள்.

பையைத் தையல்கார அக்காதான் தைத்துக் கொடுத்தாள். "பூச்சிக்குச் சட்டை தைக்கற காலமும் வந்துடுச்சு" என்று அலுத்துக்கொண்டே, ஓரத்தில் நூல் இடைவெளி விழக் கூடாதென்று இரட்டைத் தையல் போட்டாள். வண்டு எவ்வளவு பெரிசு என்று கேட்டு, ஊசித் தடத்தின்மேல் மெழுகும் தேய்த்தாள்.

ஞாயிறு காலை மோட்டார் ஓட ஆரம்பித்தது. குழாய் வாயில் கட்டிய பை யானைத் துதிக்கை மாதிரி உப்பிக்கொண்டு ஆடியது. அவ்வப்போது மோட்டாரை நிறுத்தி, பையை வெள்ளைப் பேசினில் உதறி, டீச்சர் குனிந்து துழாவினாள். சேறு, நத்தை ஓடு, இலைக்காம்பு, யாரோ தவறவிட்ட சோப்புப் பெட்டி மூடியின் துண்டு. பூச்சி வேண்டாம் என்று கூட்டம் போட்டவர்களே இப்போது பேசினைச் சுற்றி நின்றார்கள்.

"இதோ இதா டீச்சர்?"

"அது விதை."

"இது?"

"மணல்."

"நகருதே!"

நகர்ந்தது வண்டுதான். செக்ரட்டரி கைலென்ஸை வாங்கிப் பார்த்தார். "இதுவா? இதுக்கா இவ்வளவு?" என்றார். ஆனால் லென்ஸைத் திருப்பிக் கொடுக்க நேரமாயிற்று. "முட்டிக்காம போறதே. எப்படித் தெரியறது அதுக்கு?" என்று கேட்டார். டீச்சர் முன்னங்கால்களைப் பார்த்தாள். ஆணாக இருந்தால் பாதம் கொஞ்சம் அகன்றிருக்கும். பெண். மத்தியானத்துக்குள் இன்னொன்று கிடைத்தது. அதுவும் பெண்.

தண்ணீர் வற்றியதும் மோட்டார்காரர் ஏணியில் இறங்கினார். அடியிலிருந்து குரல் வந்தது. "மூணு பக்கம் ஊத்து இருக்கு. ஒரு விரிசல்ல கையே நுழையுது."

"உள்ள என்ன தெரியுது?"

"இருட்டு தெரியுது."

பிறகு சொன்னபடி அளந்து போட்டார். மூக்கைத் துளைக்கிற அந்த வாசனை மேலே வந்ததும் டீச்சர் உள்ளே போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் மருந்து வாசனை போகும்வரை தண்ணீரை வெளியே விட வேண்டும். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லாமல் பையைக் கட்டினாள். உதறியபோது பேசினில் அரிசிக் குறுநொய் சிந்தினாற்போல வெள்ளையாகக் கிடந்தது. லென்ஸை வைத்தாள். வண்டுகள். விரிசலுக்குள்ளே, பாறைக்குப் பின்னே இருந்ததெல்லாம் வந்திருந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பெண், பெண், பெண். அப்புறம் ஒன்று: முன்னங்காலில் பாதம் அகன்றிருந்தது. இன்னொன்றும் அப்படியே. "ஏங்க, ஏங்க!" என்று கூப்பிட்டாள். அவர் வந்து பக்கத்தில் குந்தினார். பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் அசையலையே" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. அந்தக் கொக்கியை வெளியே எடுக்கும்போது காற்றடித்தால் போயே போய்விடும்; தேடினால் கிடைக்கிற அளவில்லை அது. கணவரும் மகளும் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். வெந்நீரில் ஊறவைத்து, நுனி வளைத்த ஊசியால் வயிற்றின் கடைசி வளையத்தைத் திறந்து இழுத்தாள். தேன் நிறத்தில், கமாவை விடச் சின்னதாக ஒன்று வந்தது. நுனியில் சட்டென்று ஒரு திருப்பம், பக்கத்தில் இரண்டு அகலமான மடல்.

குளத்து வண்டுகள் எதிலும் அவள் அதைப் பார்த்ததில்லை. புத்தகங்களில் வரைந்திருந்த படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். அதற்குக் கொஞ்சமாவது ஜாடை பொருந்தியது ஓடும் ஓடைகளில் மட்டும் வாழ்கிற ஒரு கூட்டத்தோடுதான். அந்த ஊரில் ஓடையே இல்லை.

"அப்போ எங்கிருந்து வந்தது?" என்றாள் மகள், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"இந்தத் தெரு இருக்கற இடத்துல எப்பவோ ஒரு ஓடை இருந்திருக்கணும். அது வத்தி வத்திக் கீழ போயிருக்கு. தண்ணி பின்னாடியே இதுவும் போயிருக்கு."

மூன்று பேரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள்.

நிபுணர் ஒரே வரியில் பதில் போட்டார்: கட்டுரையை நீயே எழுது, பெயரும் நீயே வை. அவள் எழுதினாள். மகள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கண் இல்லை, சிறகு இல்லை, நிறம் இல்லை. என்னம்மா, எல்லாம் இல்லைன்னே எழுதியிருக்கே?" என்றாள். "இருக்கறதும் இருக்கு, கீழ படி" என்றாள் அம்மா. இருப்பது நிறைய இருந்தது. தோள்பட்டையில் ஒரு சின்னப் பள்ளம், பின்னங்காலில் நீந்துவதற்கான மயிர் குறைந்து நடப்பதற்கேற்ற நகம், இன்னும் என்னென்னவோ. படம் வரையவே பல ஞாயிறுகள் போயின.

ஆனால் அனுப்பிய ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். அந்தக் கிணற்றில் இப்போதும் அது உயிரோடு இருக்கிறதா? துணியில் வாரக்கணக்காக மணல் மட்டுமே வந்துகொண்டிருந்தது. "பார்த்தீங்களா டீச்சர், எவ்வளவு சுத்தமாயிடுச்சு!" என்று செக்ரட்டரி நல்ல மனசோடுதான் சொன்னார். "ஆமா சார்" என்றாள். கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டுவைத்தாள். ஒரு வண்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்துகிறோமா, அது இருந்தது என்று சாட்சி சொல்கிறோமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கணவர் போன் செய்தார். பின் தெருவில் ஒரு கிணறு இறைக்கப் போயிருந்தார்.

"கொஞ்சம் வா. லென்ஸை எடுத்துட்டு வா."

போனாள். குழாய் வாயில் பை தொங்கியது. எப்போது எடுத்துக்கொண்டு போனார் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு டீ டம்ளரில் கொஞ்சம் தண்ணீர். அதன் அடியில் வெளுத்த ஒன்று உணர்கொம்பால் சுவரைத் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தது. லென்ஸில் தோள்பட்டைப் பள்ளம் தெரிந்தது. அவள் ஞாயிறு ஞாயிறாக வரைந்த அதே பள்ளம். தெருவுக்குக் கீழே, இரண்டு கிணற்றுக்கும் இடையில் எங்கெங்கோ அது இருக்கிறது.

"இவங்களும் பவுடர் போடச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு" என்றார் அவர்.

"போடாதீங்க."

"உன் வண்டுக்காகப் போடலைன்னா அடிக்க வருவாங்க." டம்ளரைப் பார்த்தபடி கழுத்தைச் சொறிந்தார். "முதல்ல தண்ணியை டெஸ்டுக்குக் கொடுப்போம்னு சொல்றேன். கெட்டிருந்தா மருந்து. இல்லைன்னா குழாய்க்கு நல்ல வலை போட்டா போதும். அது பொய்யும் இல்ல. முறையும் அதுதான்."

"அப்போ இதை நம்ம கிணத்துக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. நீ மாப்பிள்ளைதான் கேட்டே."

அவர் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். டம்ளரைக் கிணற்றின் சுவர்மேல் நிழல் விழுகிற பக்கமாக வைத்தாள்.

"சுத்தமான பாட்டில் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு, வண்டுக்கா?"

"தண்ணிக்கு. டெஸ்டுக்குக் கொடுக்கணும்னீங்களே. சாயங்காலம் தண்ணி டெஸ்ட் பண்ற ஆபீஸை மூடறதுக்குள்ள போயிடறேன்."